ஏழாம் இடத்தில் இல்லாத கல்

அந்தப் பை அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

திருகோணமலை உள்துறைமுக வீதியில், வலைக் கயிறும் தூண்டில் முள்ளும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் ஐவி அல்பிரட்டின் அலுவலகம். காலையில் கதவைத் திறக்கப் படியேறிய மஹ்ரூப், பூட்டில் தொங்கிய இளஞ்சிவப்புச் சொப்பிங் பையைக் கண்டு நின்றான். கைப்பிடிகள் இறுக முடிச்சுப் போடப்பட்டிருந்தன. உள்ளே ஈர மணல்.

"மிஸ், ஆரோ எங்களுக்கு வீடு கட்ட மண் அனுப்பியிருக்காங்க. சீமெந்து பின்னால வரும் போல."

ஐவி சிரிக்கவில்லை. கடலில் மூழ்கியதாகச் சொல்லப்பட்ட கப்பல்கள் உண்மையிலேயே மூழ்கினவா என்று காப்புறுதிக் கம்பனிகளுக்காகத் தேடிப் பார்த்ததுதான் அவருடைய பழைய வேலை. ஐம்பது வயதில் அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியபோது, கிண்ணியாவிலிருந்து ஆட்டோ ஓட்டி வந்த மஹ்ரூப் அவரோடு ஒட்டிக்கொண்டான். இப்போது அவன்தான் உதவியாளன், சாரதி, தேநீர் போடுபவன். கேட்காத நேரத்தில் கதைப்பவனும் அவன்தான்.

நேற்று வழக்கைக் கொண்டுவந்த சுதர்ஷினி, அவர்களுக்குப் பின்னால் ஏறி வந்து, பையைப் பார்த்ததும் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இது மூண்டாவது," என்றாள். "முதல் ரெண்டும் என்ர வீட்டுக் கேற்றில தொங்கினது."

முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை மணலை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாள். கறுப்புப் பொடி கலந்த, மாவைப் போன்ற மென்மணல்.

"அக்கா, இது என்ர மண்."

"உங்கட மண் எண்டால்?"

"ஆராய்ச்சிக்கெண்டு கடலடியில இருந்து நான் எடுத்து வச்ச சாம்பிள். ஆய்வறையை உடைச்சு லப்டொப்போட இதையும்தான் கொண்டுபோனவை. இப்ப ஒவ்வொண்டாத் திருப்பித் தருகினம்."

கீழே ஒரு புள்ளிமான் கடை வாசலில் கிடந்த வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது.

உள்ளே போய் ஐவி ஜன்னலைத் திறந்தார். சோளகக் காற்று அடங்கி, வாடைக் காற்று இன்னும் தொடங்காத நாட்கள். காற்றே இல்லை. உள்துறைமுகத்து நீர் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. அக்கரையில் கோதுமை மா ஆலையின் விளக்குகள் பகலிலேயே எரிந்தன. அந்தத் தண்ணீர் எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பதுபோல் ஐவிக்குத் தோன்றியது.

"நேற்று சொன்னதைத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ, சுதர்ஷினி. மஹ்ரூப் நித்திரை."

"நித்திரை இல்ல மிஸ். கண்ணை மூடிட்டுக் கேட்டன்."

சுதர்ஷினி கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். கடலடியை ஆராயும் இளம் விரிவுரையாளர் அவள். சல்லி என்ற மீனவக் கிராமத்தின் கரைக்கு முன்னால் கடலடி ஓரிடத்தில் சட்டென்று ஆழத்துக்குள் இறங்குகிறது. அந்த விளிம்பு கரையை நோக்கி மெல்ல நகர்ந்து வருகிறது, அங்கே மணலைத் தொட்டால் கரையே சரிந்து இறங்கும் என்று அளந்து காட்டி, போன வருடம் ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் கட்டுரை எழுதினாள். அதே இடத்தில் கடல் மணலை உறிஞ்சியெடுக்க ஒரு கம்பனி அனுமதி கேட்டு நிற்கிறது. அதற்குக் குறுக்கே நிற்பது அந்தக் கட்டுரை ஒன்றுதான்.

"இப்ப என்ன சொல்லுகினம் எண்டால், நான் எழுதினது எல்லாம் பழைய பேராசிரியர் இராசையா சேர் 2011ஆம் ஆண்டே எழுதிப்போட்டார். அட்டவணை அதே அட்டவணை. பந்தி பந்தியா அதே வசனம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நான் விளக்கம் குடுக்காட்டி, கட்டுரையை மீளப் பெற்றதா ஆய்விதழ் ஆசிரியர் அறிவிப்பார்."

"மீளப் பெற்றால் அழிச்சுப்போடுவாங்களா?" என்றான் மஹ்ரூப்.

"இல்லை. அது அங்கயே கிடக்கும். ஒவ்வொரு பக்கத்திலயும் குறுக்கால சிவப்பில 'மீளப் பெறப்பட்டது' எண்டு இருக்கும். ஆர் என்ர பேரைத் தேடினாலும் முதல்ல அதுதான் வரும்."

"அப்ப மையித்தை அடக்காம வாசலில வச்சிருக்கிற மாதிரி."

"மஹ்ரூப்," என்றார் ஐவி.

"இல்லை அக்கா, அவர் சொல்லுறது சரி." சுதர்ஷினியின் குரல் தணிந்தது. "என்ர வேலை போகும். அதைவிட, அந்த அளவெல்லாம் 2011இல எடுத்தது எண்டு ஆகிட்டால், கடலடி இப்ப எப்பிடியிருக்கு எண்டு சொல்ல ஒரு வரியும் மிச்சமில்லை. அடுத்த கிழமையே கம்பனி வந்து குழாய் இறக்கும்."

ஐவி மேசையில் இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்திருந்தார். இராசையாவின் கட்டுரை வந்தது 'குணகடல்' என்ற சஞ்சிகையில். அதை நடத்தியதும் இராசையாதான். அது 2010இல் நின்றுபோய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இந்த வருடம் இரண்டு நூலகங்களின் தட்டுகளில், 2011 என்று திகதியிட்ட, ஒருவரும் பார்த்திராத கடைசி இதழ் ஒன்று இருப்பது தெரியவந்தது.

"செத்த சஞ்சிகை பிள்ளை பெத்திருக்கு," என்றான் மஹ்ரூப்.

"அப்பிடித்தான் நானும் நினைக்கிறன். இப்ப அச்சடிச்சுப் பழைய திகதி போட்டிருக்கினம். நினைச்சால் போதாது." ஐவி சுதர்ஷினியின் அட்டவணையில் ஒரு வரிசையைத் தொட்டார். "ராத்திரி இதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். ஏழாவது இடம். கிழவன் கல் எண்டு பேர் போட்டிருக்கிறீங்கள். கடலடி பாறை எண்டு எழுதியிருக்கு. ஆனா அதே வரிசையில, அங்க எடுத்த மண் மென்மணல் எண்டும் இருக்கு. பாறையில மென்மணல் எப்பிடி வரும்?"

சுதர்ஷினியின் முகம் சிவந்தது.

"அண்டைக்குக் கடல் ஆட்டத்தில எனக்குச் சரியான சத்தி, தலை நிமிர்த்த ஏலேல்லை. அளவுகளை மெஷின் எடுத்தது. இடத்தின்ர பேரும், அடியில கல் எண்டதும் போட்டுக்காரர் சிவகுரு அண்ணை சொன்னது. மண் வந்ததும், கல்லுக்குப் பக்கத்தில விழுந்திருக்கும் எண்டு விட்டிட்டன். பிழைதான்."

"நல்ல பிழை." ஐவி மற்றக் கட்டுரையைத் திருப்பினார். "இராசையாவின்ர ஏழாவது இடமும் கிழவன் கல்தான். அதே புள்ளி. அதே பாறை. அதே மென்மணல்."

மஹ்ரூப் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். "அவருக்கும் சத்தியா மிஸ்?"

"சரியான விடை ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வரலாம். பிழை விடையும் ஒரே மாதிரி வந்தால், பக்கத்துக் கதிரையைத்தான் பாக்கவேணும். ஆட்டோவை எடு. சல்லிக்குப் போவம்."

*

சல்லியில் கடல் கரையைத் தின்றுகொண்டிருந்தது. வேரோடு சாய்ந்த தென்னைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் கிடந்தன. ஒரு வீட்டின் அத்திவாரம் மட்டும் மணலுக்கு வெளியே பல்லைப்போல நீட்டிக்கொண்டு நின்றது. அலைகூட இல்லை. சத்தமில்லாமல் இது எப்படி நடக்கிறது என்று மஹ்ரூப் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டான்.

சிவகுரு தன் ஃபைபர் போட்டின் நிழலில் குந்தியிருந்து என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, கருத்த மனிதர். மனைவி சீதேவி கூடையில் சோற்றுப் பொதியையும் தண்ணீர்ப் போத்தல்களையும் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வாடிக் குடிசையின் கம்பில் ஓர் இளஞ்சிவப்புப் பை தொங்கியது. ஐவி அதைப் பார்த்தார். சிவகுரு, ஐவி அதைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"விடியக் கிடந்தது," என்றார். "மண். ஆரின்ர விளையாட்டு எண்டு தெரியேல்லை."

ஐவி விஷயத்தைச் சொன்னார். ஏழாவது இடத்தைப் பற்றிக் கேட்டதும் சிவகுரு துணியை மடித்து வைத்தார். கடலைப் பார்த்தார், சுதர்ஷினியைப் பார்க்கவில்லை.

"கிழவன் கல் எண்டு ஒண்டு இருக்கு," என்றார். "தங்கச்சிக்கு நான் காட்டின இடத்தில இல்லை."

"அண்ணை," என்றாள் சுதர்ஷினி.

"கோவிக்காதேங்கோ. கடலடிக் கல்லிலதான் மீன் கூடும். அது எங்க எண்டு இஞ்ச ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. என்ர மச்சானுக்கு நான் சொல்லேல்லை. அவனும் எனக்குச் சொல்லேல்லை. ஆரும் கேட்டால் ஒரு இடம் காட்டுவம்."

"பொய்யா?" என்றான் மஹ்ரூப்.

"மரியாதைக்கு ஒரு இடம்."

"வீட்டுக்காரிக்கு?"

"எனக்கும் அந்த மரியாதைதான்," என்றார் சீதேவி, தலையை நிமிர்த்தாமல். "இருபது வருஷமாக் குடும்பம். இவர் எங்க நிண்டு மீன் பிடிக்கிறார் எண்டு அம்மாளாச்சிக்குத்தான் தெரியும்."

"நீங்கள் எழுதுற ஆள், தங்கச்சி," என்றார் சிவகுரு. "நீங்கள் எழுதினால் ஊர் உலகமெல்லாம் வாசிக்கும். அடுத்த நாள் இழுவைப் படகு என்ர கல்லில நிக்கும்."

ஐவியின் கண்கள் கூர்மையாகின. "அப்ப, அந்த இடத்தில கல் எண்டு எழுதியிருக்கிற ஆர் எண்டாலும், நீங்கள் சுதர்ஷினிக்குச் சொன்ன பொய்யைத்தான் எழுதியிருக்கவேணும். இராசையாவுக்கு அது வேற எங்க இருந்து வரும்? இவவின்ர கட்டுரையில இருந்துதான்."

மஹ்ரூப் கைகளைத் தேய்த்தான். "முடிஞ்சு மிஸ். வாங்க, வழியில இறால் வடை."

"முடியேல்லை," என்றார் சிவகுரு மெதுவாக. "அந்த ஐயாவும் எங்கட போட்டில வந்தவர்."

ஐவி அவர் பக்கம் திரும்பினார்.

"எப்ப?"

"சண்டை முடிஞ்சு ரெண்டு வருஷத்தால. அப்பா இருந்த காலம். கயிறும் ஈயக் கட்டியுமாக் கொண்டுவந்து ஆழம் பாத்தவர். கிழவன் கல்லைக் காட்டச் சொல்லிக் கேட்டவர். அப்பா காட்டினவர். அவருக்கும் மரியாதைதான்."

2011. ஐவி மனதுக்குள் கூட்டிப் பார்த்தது அவர் முகத்தில் தெரிந்தது. கையில் வைத்திருந்த சான்று, கையிலேயே திரும்பி எதிர்ப் பக்கம் பார்த்தது. ஒரே குடும்பம், ஒரே போட், ஒரே பொய். இராசையாவுக்கு அது சுதர்ஷினியிடமிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை. அவர் உண்மையிலேயே வந்திருக்கிறார். நாளைக்கு ஆசிரியர் கேட்டால் இந்த மனிதரே அதற்குச் சாட்சி.

சுதர்ஷினி மணலில் உட்கார்ந்துவிட்டாள். "நான் கொப்பியடிக்கேல்லை அக்கா," என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

மஹ்ரூபுக்கு மௌனம் பிடிக்காது. அது அவனுக்குத் தொண்டையில் முள் மாதிரி.

"அப்பாவும் சொல்லி, மகனும் சொல்லி... ஒரே பொய்யை இத்தனை வருஷமாச் சொன்னா அது பழுதாகிப் போகாதா அண்ணன்? ஐஸ் போட்டு வச்சிருக்கிறீங்களா?"

சிவகுரு முதல் முறையாகச் சிரித்தார். "பழுதாகித்தான் போனது. அதாலதான் மாத்தினனான்."

ஐவி அசையாமல் நின்றார். "என்னத்தை மாத்தினீங்கள்?"

"இடத்தை. அப்பா காட்டினது வேற இடம். தெற்கால, வெறும் மணல். ஒரு குஞ்சு மீனும் இல்லாத இடம். கொரோனாக் காலத்தில பழைய பஸ்ஸுகளைக் கொண்டுவந்து கடலில இறக்கினவை தெரியுமோ, மீன் பெருகட்டும் எண்டு?"

"பேப்பரில பாத்தனான்."

"அதில கொஞ்சம், சரியா அப்பாவின்ர இடத்தில. ஒரு வருஷத்துக்குள்ள பாசி பிடிச்சு, கலவாயும் விளமீனும் வந்து குடியேறிட்டுது. கல் இல்லாத இடத்தில கல் மாதிரி ஒண்டு வந்திட்டுது. பொய் உண்மையாகிப் போச்சு. பிறகு அதை எப்பிடிக் காட்டுறது? அதால வடக்கால புதுசா ஒரு வெறும் இடம் பாத்தனான். தங்கச்சிதான் அதுக்கு முதல் ஆள்."

"பஸ் கடைசியில போய் நிக்கிற இடமெல்லாம் சனம் கூடும்," என்றான் மஹ்ரூப். பிறகுதான் அவனுக்கும் விளங்கியது. வாயைத் திறந்தபடி ஐவியைப் பார்த்தான்.

"2011இல வந்தவர் தெற்கால எழுதியிருக்கவேணும்," என்றார் ஐவி. "வடக்கால எழுதியிருக்கிறார். அண்டைக்கு அந்தப் பொய் பிறக்கவே இல்லை."

சுதர்ஷினி எழுந்து நின்றாள். "இதை ஆசிரியருக்குச் சொல்லுவீங்களா அண்ணை? இப்ப, ஃபோனிலயே?"

சிவகுரு மடித்து வைத்த துணியை மறுபடி விரித்தார். "நான் காட்டினது பொய் எண்டு சொல்லலாம். உண்மையான கல் எங்க எண்டு ஒருத்தரும் கேக்கக்கூடாது."

"உண்மை உங்களிட்டயே இருக்கட்டும்," என்றார் ஐவி. "எனக்குப் பொய் மட்டும் போதும்."

"அதையும் இண்டைக்கு ஏலாது. என்ர பொய் எண்டாலும் இது கரைப் பொய். ஒருத்தன் வாய் திறந்தால் எல்லாற்ற இடத்தையும் சந்தேகப்படுவினம். கரையில மற்ற ஆக்களிட்டக் கேட்டுப்போட்டுத்தான் கதைப்பன். எல்லாரும் இப்ப கடலில. நாளைக்குக் காலமை வந்திடுவினம். நானும் வந்திடுவன்."

"இண்டைக்குப் போகாதேங்கோ." ஐவி வாடிக் கம்பில் தொங்கிய பையைப் பார்த்தார். "இது விளையாட்டு இல்லை, சிவகுரு."

"வாடை துவங்கினால் மூண்டு மாசம் கடல் இல்லை, அம்மா. இந்த அமைதியை விட்டிட்டு வீட்டில குந்தியிருக்க ஏலாது."

அவர் கூடையை வாங்கிப் போட்டில் வைத்தார். மஹ்ரூபும் ஒரு கை கொடுத்துத் தள்ளினான். என்ஜின் சத்தம் சிறுத்து, ஒரு கோடாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. அவர் நேராகப் போகவில்லை. கரையில் நிற்பவர்கள் பார்வையிலிருந்து மறையும்வரை ஒரு திசையில் போய்விட்டுத்தான் தன் திசைக்குத் திரும்புவார் என்று சீதேவி சொன்னார்.

சுதர்ஷினியை சீதேவியோடு விட்டுவிட்டு, ஐவி ஆட்டோவில் ஏறினார்.

"எங்க மிஸ்?"

"உவர்மலை. இராசையா சேரிட்ட."

"அவரிட்ட என்ன கேக்கிறது? கள்ளனிட்டப் போய்க் களவெடுத்தியா எண்டா?"

"இல்லை. உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேப்பம். அவர் வந்தது உண்மைதானே."

*

இராசையாவின் வீடு உவர்மலைச் சரிவில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. மாமரத்தின் கீழ் இரண்டு மான்கள் படுத்திருந்தன. அவர் வெளி விறாந்தையில் வெள்ளைச் சாரம் உடுத்து, கண்ணாடியோடு காத்திருந்தார். அவர்கள் கேற்றைத் தட்டவே இல்லை.

"வாங்கோ பிள்ளை," என்றார். "சல்லி வெயில் எப்பிடி?"

சல்லிக்குப் போனதை அவர்கள் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. ஐவி புன்னகைத்தார்.

"நல்ல வெயில், சேர். அங்க உங்களைப் பற்றித்தான் கதை."

தேநீர் வந்தது. ஓய்வுபெறும்வரை பேராசிரியராக இருந்தவர் அவர். குரல் இன்னும் வகுப்பறைக் குரல்தான். சுதர்ஷினியைப் பற்றிக் கவலையோடு பேசினார். "கெட்டிக்காரப் பிள்ளை. அவசரப்பட்டுட்டா. பேசாமல் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கோ. ரெண்டு வருஷத்தில எல்லாரும் மறந்துபோவினம். மல்லுக்கு நிண்டால்தான் அசிங்கம்."

"அதைத்தான் நானும் நினைக்கிறன். சிவகுரு சொன்னதைக் கேட்டபிறகு வேற வழியில்லை."

"என்ன சொன்னவன்?"

"2011இல நீங்கள் அவையின்ர போட்டில வந்ததா. கயிறும் ஈயக் கட்டியுமா."

இராசையாவின் முகம் மலர்ந்தது. உண்மையான மலர்ச்சி அது. பொய்களுக்கு நடுவில் ஒரு மெய் கிடைத்த மனிதனின் மகிழ்ச்சி. "பார்த்தீங்களா. கிழவனும் மகனும். நல்ல மனுசர்."

ஐவி பையிலிருந்து திருகோணமலைக் கரையின் கடல் வரைபடத்தை எடுத்து விரித்தார். அதில் ஒரு குறியும் இல்லை. "இதை ஒருக்கா உறுதிப்படுத்திப்போட்டு நான் இந்த வேலையை விடுறன், சேர். கிழவன் கல் எண்டு உங்களை எங்க கொண்டுபோனவை எண்டு சிவகுரு எனக்குச் சொல்லியிருக்கிறார். நீங்களும் அதே இடத்தைக் காட்டினால், நீங்கள் போனதை ஒருத்தரும் மறுக்க ஏலாது. ஞாபகம் இருக்குதோ தெரியேல்லை. வருஷம் பலது."

"என்ர கால் பட்ட கடல், பிள்ளை." அவர் பேனாவை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக் குனிந்தார். "கோயில் கோபுரத்தை இஞ்சால வச்சு... இந்த மலை முனையை அதுக்கு நேரா எடுத்தவை... இந்தா."

தெற்கே ஒரு புள்ளி விழுந்தது.

"கையெழுத்தும் வச்சால் நல்லது, சேர்."

வைத்தார். திகதியும் போட்டார். மஹ்ரூப் ஃபோனை உயர்த்திப் படம் பிடித்தான். ஐவி அடிமட்டக் கோலை எடுத்தார். குணகடலில் வந்த கட்டுரையின் ஏழாவது வரிசையைத் திறந்து, அங்கே எழுதியிருந்த இலக்கங்களை வரைபடத்தின் ஓரங்களில் தேடி, இரண்டு கோடுகள் இழுத்தார். அவை சந்தித்த இடத்தில் தன் பேனாவால் இன்னொரு புள்ளி வைத்தார்.

அது வடக்கே விழுந்தது. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் ஒரு சாண் கடல் இருந்தது.

"இது உங்கட கட்டுரை சொல்லுற கிழவன் கல், சேர். அது உங்கட ஞாபகம் சொல்லுறது."

இராசையா இரண்டையும் பார்த்தார். மான் ஒன்று எழுந்து உடம்பை உதறியது.

"அச்சுப் பிழை."

"இருக்கலாம். ஆனா அந்தப் பிழை போய் விழுந்த இடத்தை சிவகுரு தெரிவு செய்ததே பஸ்ஸுகளை இறக்கின பிறகுதான். உங்கட இடத்தில கல் இல்லை. சுதர்ஷினியின்ர இடத்திலயும் கல் இல்லை. ரெண்டும் வெளியாட்களுக்குச் சொல்லுற பொய். உங்களுக்குச் சொன்னது பழைய பொய். நீங்கள் எழுதியிருக்கிறது புதுப் பொய். அவவின்ர அட்டவணையை எடுத்து வச்சிட்டு, அது கடலில எங்க வருது எண்டு நீங்கள் பாக்கவே இல்லை."

இராசையா தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார். பீங்கானில் பீங்கான் படும் சத்தம்கூட வரவில்லை. நிமிர்ந்தபோது குரலில் வகுப்பறை இல்லை.

"படத்தை ஆசிரியருக்கு அனுப்புங்கோ. ரெண்டு புள்ளி. ஒரு கிழவன்ர ஞாபக மறதி. அவ்வளவுதான் அது." நிதானமாக எழுந்து விறாந்தை நுனிக்குப் போய்க் கடலைப் பார்த்தார். "அது பொய், அது எப்ப பிறந்தது எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஒரு ஆள் இப்ப கடலில."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் மஹ்ரூப்.

"மண் கம்பனிக்கு ஆக்கள் இருக்கினம். நீங்கள் சல்லியால வெளிக்கிட்ட உடனயே போனவை. கதைக்கத்தான்." அவர் திரும்பவில்லை. "வாடை துவங்கப் போகுது. தனிய நிக்கிற போட்டுக்கு என்னவும் நடக்கலாம். கடலில நடக்கிறதுக்கு அடிக்குறிப்பு எழுத ஏலாது, பிள்ளை."

கதவோரத்தில் சொருகப்பட்டிருந்த பைகளை மஹ்ரூப் அப்போதுதான் கண்டான். இளஞ்சிவப்பு. புதியவை. ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவன் ஐவியின் தோளைத் தொட்டு அவற்றைக் காட்டினான்.

ஐவியின் ஃபோன் அடித்தது. சுதர்ஷினி. ஐவி ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு ஃபோனை வரைபடத்தின் மேல் வைத்தார்.

"அக்கா." மூச்சு வாங்கியது. "ரெண்டு பேர் நம்பர் இல்லாத போட்டில வந்தவை. நான் வாடிக்குள்ள நிண்டனான். சிவகுரு அண்ணை எங்க நிக்கிறார் எண்டு சீதேவி அக்காட்டக் கேட்டவை. அவசரம், வீட்டில ஒரு சாவு எண்டு பொய் சொன்னவை. அவ இடத்தைச் சொல்லிட்டா. கை காட்டியும் விட்டிட்டா. அவை வேகமா..."

இராசையா மெல்லக் கண்களை மூடினார். நிம்மதி போல இருந்தது அது.

"சுதர்ஷினி, ஃபோனை சீதேவியிட்டக் குடுங்கோ," என்றார் ஐவி. "சீதேவி, அவைக்கு எந்த இடத்தைச் சொன்னீங்கள்?"



"எனக்கு வேற எந்த இடம் தெரியும், அம்மா?" என்றார் சீதேவி. "எல்லாருக்கும் சொல்லுற அந்த மரியாதைதான், வடக்கால."

ஐவி வடக்கே தான் வைத்த புள்ளியில் விரலை வைத்தார்.

"உங்கட ஆக்கள் இப்ப இஞ்ச நிக்கினம், சேர். உங்கட கட்டுரை கல் எண்டு சொல்லுற இடத்தில. சுத்திவரப் பாக்கட்டும். அங்க ஒரு போட்டும் இல்லை. ஒரு கல்லும் இல்லை. சிவகுரு நாளைக்குக் காலமை கரைக்கு வருவார்."

இராசையா கண்களைத் திறந்தார். வரைபடத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"குடுத்துவச்ச கட்டுரை சேர்," என்றான் மஹ்ரூப். "அதில எழுதின இடத்தை ஆரோ நேரில போய்ப் பாக்கிறது இண்டைக்குத்தான் முதல் தரம்."

விறாந்தைக்கு அப்பால், துறைமுக வாய்க்கும் அப்பால், கடல் காற்றில்லாமல் கிடந்தது. அதில் எங்கோ சிவகுரு தன் கல்லின் மேல் தூண்டிலை இறக்கிக்கொண்டிருந்தார். எங்கே என்று அந்த வீட்டில் இருந்த ஒருவருக்கும் தெரியாது.